ஏரி வற்றும் காலம்: செங்கல்பட்டின் பொது நிலங்களும் பறவைகளும்

பறவை பார்க்க எங்கே போகலாம் என்ற கேள்விக்குச் செங்கல்பட்டு மாவட்டத்தில் மாதத்தைக் கேட்காமல் விடை சொல்ல முடியாது. ஆண்டுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் மழை பெறும் இந்தக் கடலோரச் சமவெளியில், அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை சாயங்கால இடியோடு வரும் தென்மேற்குப் பருவ மழை மண்ணை நனைக்குமே தவிர ஏரியை நிரப்பாது. டிசம்பரில் கலங்கல் வழிந்தோடும் ஏரி, மே மாதத்தில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அதில் ஆடு மேயும். ஒரே சர்வே எண்ணுக்குள் ஆறு மாத இடைவெளியில் வாத்தும் வானம்பாடியும் குடியிருக்கின்றன.

இதைப் பாலைவனம் என்று சொல்ல முடியாது. ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் பக்கம் ஆண்டு முழுதும் பெய்யும் மழை சுமார் 200 மில்லிமீட்டர்தான். ஆனால் தார் பாலைவனத்தில் பறவை பார்ப்பவர் கற்றுக்கொள்ளும் பாடங்களில் பல இங்கேயும் செல்லும்: தண்ணீர் எங்கே மிச்சமிருக்கிறதோ அங்கே கூட்டம், வெயில் ஏறிவிட்டால் எல்லாம் நிழலில் ஒடுங்கும், வெற்றுத்தரை என்று கண் ஒதுக்கும் இடத்தில்தான் முட்டை கிடக்கும். தமிழ் மரபும் பாலையைத் தனி நிலமாக வைக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் கோடையில் வளம் குன்றித் திரிந்த நிலையே பாலை என்று சிலப்பதிகாரம் விளக்குகிறது. செங்கல்பட்டுச் சமவெளிக்கு அந்த விளக்கம் கச்சிதமாகப் பொருந்துகிறது. இங்கே பாலை ஒரு பருவம்.

அடுத்து, யாருடைய நிலம் என்ற கேள்வி. மாவட்டத்தில் பறவைகள் மிகுந்த இடங்களில் பெரும்பாலானவை தனியார் பட்டா நிலங்கள் அல்ல. காப்புக்காடு வனத்துறையிடம் இருக்கிறது. பெரிய ஏரிகள் நீர்வளத் துறையிடமும் சிறியவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் உள்ளன. மேய்ச்சல் நிலம் கிராமக் கணக்கில் மேய்க்கால் புறம்போக்கு என்றும், ஏரியின் உட்பகுதி ஏரிப் புறம்போக்கு என்றும், ஒன்றுக்கும் உதவாதது என்று எழுத்தர் முடிவு செய்த நிலம் தரிசு என்றும் பதிவாகியிருக்கும். உப்பள நிலத்தில் கணிசமான பகுதி மத்திய அரசுக்குரியது, குத்தகைக்கு விடப்படுவது. வரி கட்டாத நிலம் என்பதால் பதிவேட்டில் இவற்றுக்கு மதிப்பு குறைவு. பறவைகளின் கணக்கு நேர் எதிரானது: உழப்படாததும் மருந்து தெளிக்கப்படாததும் வேலி போடப்படாததுமான நிலம் சமவெளியில் இவை மட்டுமே.

ஏரிகள்

செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்று அழைப்பது வெறும் பெருமைக்காக அல்ல. நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கி மெல்லச் சரிகிறது. அந்தச் சரிவின் குறுக்கே பிறை வடிவில் மண்கரை போட்டுத் தண்ணீரைத் தேக்கினார்கள். ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். பறவை பார்ப்பவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. சரிவு கிழக்கு நோக்கி இருப்பதால் கரை பெரும்பாலும் ஏரியின் கிழக்குப் பக்கத்தில் அமையும். காலையில் கரைமேல் ஏறி நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். ஏரி முழுதும் முன்வெளிச்சத்தில் தெரியும். மாலையில் அதே கரையில் நின்றால் எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல். அப்போது சுற்றிக்கொண்டு மேற்கே, தண்ணீர் வந்து சேரும் உள்வாய்ப் பக்கம் போக வேண்டும். தரையின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்துச் சில ஏரிகளுக்குத் திசை மாறும் என்றாலும், புதிய ஏரிக்குப் போகுமுன் வரைபடத்தில் கரை எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்வது ஒரு மணி நேர அலைச்சலை மிச்சப்படுத்தும்.

ஏரி வற்றுவதும் பறவைகள் மாறுவதும் ஓர் ஒழுங்கில் நடக்கின்றன. டிசம்பர், ஜனவரியில் நீர் ஆழமாக இருக்கும்போது நாமக்கோழிகளும் முக்குளிப்பான்களும் நீர்க்காகங்களும் நடுவில் இருக்கும். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் போன்ற வலசை வாத்துகள் ஆழம் குறைந்த உள்வாய்ப் பகுதியில் மேயும். பிப்ரவரி பிறந்து நீர் பின்வாங்கத் தொடங்கியதும் ஈரச் சேறு வெளிப்படும். அந்தச் சேற்று விளிம்பு அகலமாக அகலமாக உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் வரும். மார்ச், ஏப்ரலில் மீன் முழுவதும் கடைசிக் குட்டைகளில் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். கொக்கு, நாரை, கூழைக்கடா எல்லாம் அந்தக் குட்டைகளைச் சுற்றி வளைத்து நிற்பது அப்போதுதான். ஒரு சில நாளில் குட்டை காலி. அதன் பிறகு வருபவர், ஏரி செத்துவிட்டது என்று திரும்பிப் போய்விடுவார். அது அவசரப்பட்ட முடிவு. ஏரிப் படுகையில் கோரையும் புல்லும் முளைத்தவுடன் நெட்டைக்காலிகளும் வானம்பாடிகளும் இறங்குகின்றன. மாடுகளின் காலடியில் கிளம்பும் பூச்சிக்காக உண்ணிக்கொக்கும் கரிச்சானும் பின்னாலேயே நடக்கின்றன.

வாகனம் இல்லாதவருக்கு மிக எளிய ஏரி கொளவாய். சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து வரும் புறநகர் ரயில் பரனூரைத் தாண்டிச் செங்கல்பட்டை நெருங்கும்போது பாதையை ஒட்டியே இந்த ஏரி விரிகிறது. சன்னலோர இருக்கையிலிருந்தே கூழைக்கடாவையும் நீர்க்காகத்தையும் அடையாளம் காணலாம். மதுராந்தகம் ஏரி மிகப் பெரியது. அதன் பரப்பில் பறவைகள் தொலைவில் சிதறிவிடுவதால், தொலைநோக்கிக் குழாயும் முக்காலியும் இல்லாமல் அங்கே போவது வீண். திருப்போரூர் வட்டத்தில் உள்ள தையூர், சிறுதாவூர், மானாம்பதி ஏரிகள் கையடக்கமானவை. காலை நேரத்தில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய்வரலாம்.

ஜனவரி நடுவில் ஏரிக்கரைக்குப் போகிறவர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேர்ந்துகொள்ளலாம். 2015-ல் தொடங்கிய இந்தக் கணக்கெடுப்பில், பொங்கல் விடுமுறை நாட்களில் பதினைந்து நிமிடமாவது ஓரிடத்தில் நின்று பார்த்த பறவைகளை இபேர்டு இணையதளத்தில் பதிவு செய்வதே வேலை. அரிய பறவை தேவையில்லை. காகமும் மைனாவும் எத்தனை என்பதும் தரவுதான். சிற்றூர் ஏரிகளுக்கு ஆண்டுதோறும் ஒரே காலத்தில் கிடைக்கும் பதிவுகளில் இது முக்கியமானது.

வேடந்தாங்கலும் கரிக்கிலியும்

மதுராந்தகம் வட்டத்தில் சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள வேடந்தாங்கல் ஏரியைப் பற்றி எழுதாத பறவை நூல் தமிழில் இல்லை என்பதால், அது ஏன் பிற ஏரிகளைப் போல இல்லை என்பதை மட்டும் பார்க்கலாம். ஏரிக்குள்ளேயே நீர்க்கடம்பு மரங்கள் நிற்கின்றன. மாதக்கணக்கில் வேர் மூழ்கிக் கிடந்தாலும் அழுகாத மரம் அது. சுற்றிலும் நீர் இருக்கும் வரை நரியும் காட்டுப்பூனையும் கீரியும் கூட்டை நெருங்க முடியாது. அந்த அகழியை நம்பித்தான் நத்தைக்குத்தி நாரை, சங்குவளை நாரை, கூழைக்கடா, வெள்ளை அரிவாள் மூக்கன், துடுப்புவாயன், பாம்புத்தாரா, இராக்கொக்கு எல்லாம் ஒரே மரத்தில் அடுக்கடுக்காகக் கூடு கட்டுகின்றன. பருவமழை பொய்த்த ஆண்டில் மரம் இருக்கும், பறவை இருக்காது. குஞ்சு பறக்குமுன் நீர் வடிந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம்.

நவம்பரில் கூடு கட்டத் தொடங்கி, டிசம்பர், ஜனவரியில் குஞ்சுகளின் இரைச்சல் உச்சத்துக்குப் போகும். சங்குவளை நாரை சற்றுத் தாமதமாக வரும். அதன் குஞ்சுகளைப் பார்க்க பிப்ரவரி, மார்ச் வரை காத்திருக்கலாம். காலையில் எல்லாம் இரை தேடிப் புறப்படும். மாலை நான்கு மணிக்கு மேல் ஐந்தும் பத்துமாகத் திரும்பி வந்து, கிளையில் இறங்கக் கால்களைத் தொங்கவிட்டுத் தடுமாறும் காட்சிக்காகவே மாலையில் போக வேண்டும்.

ஊர் மக்கள் இந்தப் பறவைகளைப் பாதுகாத்தது சட்டத்துக்கு முந்தியது. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்த வயலுக்கு எரு குறைவாகப் போதும் என்பது உழவர்களின் அனுபவக் கணக்கு. 1798-ல் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் செங்கல்பட்டு கலெக்டர் பறவைகளைக் காக்கும் ஊராரின் உரிமையை அங்கீகரித்து ஆவணம் கொடுத்தார். அப்போது கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ்தான் மதுராந்தகத்து ‘ஏரி காத்த ராமர்’ கதையிலும் வருகிறார். அந்தக் கதைக்கு ஏரி மாவட்டத்தில் ஆவணத்தைவிடச் செல்வாக்கு அதிகம். 1936-ல் வேடந்தாங்கல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1998-ல் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரையிலான பகுதியும் சரணாலயத்தில் சேர்ந்தது. 2020-ல் இந்தப் பரப்பைச் சுருக்கும் முன்மொழிவு வந்து, கடும் எதிர்ப்புக்குப் பின் கைவிடப்பட்டது. இரவு தங்க மரம், பகலில் தின்ன வயல் என்று வாழும் பறவைக்கு ஏரி மட்டும் பாதுகாப்பாக இருந்து என்ன பயன்? நத்தைக்குத்திக்கு வேண்டிய நத்தை நெல்வயலிலும் சுற்றுவட்டாரக் குளங்களிலும் இருக்கிறது. அங்கே பாய்வதும் தெளிப்பதும் இரண்டு நாளில் கூட்டுக்கு வந்து சேர்ந்துவிடும்.

பக்கத்திலுள்ள கரிக்கிலி 61 ஹெக்டேர். 1989-ல் சரணாலயமானது. வேடந்தாங்கலும் கரிக்கிலியும் 2022-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றன. கரிக்கிலியில் ஏரிக்குள் மரம் குறைவு, திறந்த ஆழமற்ற நீர் அதிகம். அதனால் வாத்துகளுக்கும் கரையோரம் மேய்பவற்றுக்கும் அது ஏற்றது. வேடந்தாங்கலில் கூட்டம் நெருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் கரிக்கிலிக்குப் போவது நல்ல யோசனை.

புதர்க்காடுகள்

செங்கல்பட்டின் சிறு குன்றுகளில் உள்ள காப்புக்காடுகள் பார்வைக்கு எளியவை. பருவம் முடிந்ததும் சாம்பல் நிறமாகிவிடும் முட்புதர், இடையிடையே பாறை. களா, சூரை, காரை, இலந்தை ஆகியவை முழங்கால் முதல் தலை உயரம் வரை பின்னிக் கிடக்கும். கடற்கரைக்குக் கிட்டத்தில் கோயில்காடுகளாகத் தப்பிப் பிழைத்த துண்டுகளில் உலக்கைப்பாலையும் வீரையும் காசானும் கோடையிலும் இலை உதிர்க்காமல் நிற்கும். சோழமண்டலக் கரையில் காணப்படும் உலர் பசுமைக் காட்டின் எச்சம் இது.

இந்தப் புதரில் பறவையைக் கண்ணால் தேடுவதைவிடக் காதால் தேடுவது மேல். வெண்புருவக் கொண்டைக்குருவி முட்புதரின் உள்ளிருந்து கொப்புளிப்பது போல ஒலி எழுப்பும், தலை காட்டாது. தவிட்டுக்குருவிக் கூட்டம் சருகைக் கிளறும் சத்தம் கேட்டால், அதே சருகில் ஆறுமணிக்குருவி இருக்கிறதா என்று பார்க்கலாம். வட இந்தியாவில் கூடு கட்டும் இந்தக் குட்டைவால் வண்ணப்பறவை, அக்டோபரில் இரவோடு இரவாகத் தெற்கே வருகிறது. வந்த களைப்பில் சென்னைப் புறநகரில் கண்ணாடிச் சன்னலில் மோதி விழுவதும், தெரியாத வீட்டுக் கொல்லையில் இரண்டு நாள் தங்கிப் போவதும் ஆண்டுதோறும் நடக்கும். குளிர்காலம் முழுவதும் புதரடியில் தனியாகவே இரை தேடும். விடியலிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கை ஒலி. நடுப்பகலில் போனால் கண்ணில் படுவது அபூர்வம்.

தாம்பரத்துக்குக் கிழக்கே நன்மங்கலம் காப்புக்காடு கொம்பன் ஆந்தைக்குப் பெயர் பெற்றது. கைவிட்ட கல்குவாரியின் செங்குத்துச் சுவரில் உள்ள திட்டுகளில் அது முட்டையிடுகிறது. குவாரி தோண்டியவர்கள் அறியாமலே செய்த உபகாரம் இது. சமவெளியில் கிடைக்காத பாறை முகத்தை அவர்கள்தான் உருவாக்கிக் கொடுத்தார்கள். ஆந்தையின் குரலை ஒலிபெருக்கியில் போட்டு வெளியே வரவழைக்கும் பழக்கம் கூடு கட்டும் காலத்தில் கெடுதலானது. எதிரி வந்துவிட்டதாக நினைத்து முட்டையை விட்டு எழும் பறவை, வெயிலில் முட்டையைக் காயவிட்டுவிடும்.

காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது 1882-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். முன் அனுமதி வாங்க நேரமில்லாதவருக்கு வண்டலூர் வழி திறந்திருக்கிறது. 1985 முதல் அங்கே இயங்கும் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா, 602 ஹெக்டேர் காப்புக்காட்டுக்குள்தான் இருக்கிறது. கூண்டுகளைப் பார்க்க வரும் கூட்டம் நடைபாதையோடு நின்றுவிடும். பாதைக்கு வெளியே உள்ள புதரில் மாம்பழச்சிட்டும், குளிர்காலத்தில் அரசவால் ஈப்பிடிப்பானும் கட்டணச் சீட்டு கேட்காமல் திரிகின்றன. உள்ளே இருக்கும் ஓட்டேரியில் தண்ணீர் உள்ள ஆண்டுகளில் கொக்கு, நாரைகளும் கூடும்.

மேய்க்கால்

மாவட்டத்தில் மிகக் குறைவாகப் பார்க்கப்படும் நிலமும், மிக வேகமாகக் குறையும் நிலமும் ஒன்றே: ஊருக்கு வெளியே, மரமில்லாத, கல்லும் கட்டைப்புல்லுமான மேய்க்கால் புறம்போக்கு. அங்கே ஒன்றுமில்லை என்பதே எல்லோருக்கும் தெரிந்த செய்தி. மார்ச் முதல் ஜூன் வரை அதிகாலையில் ஒரு வரப்பு மேல் அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் செய்தி மாறும்.

மஞ்சள் மூக்கு ஆள்காட்டி கூடு என்று எதையும் கட்டுவதில்லை. வெட்டவெளியில் ஒரு சிறு குழி, சுற்றிச் சில கூழாங்கல் அல்லது ஆட்டுப் புழுக்கை. அதில் நான்கு முட்டைகள், கூர்முனை நடுவைப் பார்த்தபடி. மண் நிறத்தில் கரும்புள்ளி தெளித்த முட்டை இரண்டடி தள்ளியிருந்தாலே தெரியாது. மே மாதத் தரையில் வெறுங்காலை வைக்க முடியாது. முட்டையை அப்படியே விட்டால் உள்ளே கரு வெந்துவிடும். அதனால் கோடையில் அடைகாத்தல் என்பது சூடு கொடுப்பதைவிட நிழல் கொடுப்பதாக ஆகிறது. ஆணும் பெண்ணும் மாறி மாறி முட்டைமேல் கால் விறைத்து நிற்கின்றன. வெயில் மிகும் நேரங்களில் பக்கத்துக் குட்டைக்குப் போய் வயிற்று இறகை நனைத்து வந்து ஈரத்தோடு முட்டைமேல் உட்காருவதும் உண்டு. பக்கத்தில் குட்டை இல்லாத மேய்க்காலில் இந்த உத்திக்கு வழியில்லை. ஆள் நெருங்கினால் கத்திக்கொண்டே தரையோடு தரையாக ஓடி வேறு திசையில் இழுக்கும். அப்போது பார்ப்பவர் செய்ய வேண்டியது வந்த காலடியிலேயே திரும்பி நடப்பது. தொடர்ந்து தேடினால் மிதிபடப் போவது முட்டைதான்.

கண்கிலேடி இன்னும் தந்திரமானது. பகலெல்லாம் பனைமரத்தடியிலோ புதர் நிழலிலோ பெரிய மஞ்சள் கண்ணை விரித்தபடி அசையாமல் நிற்கும். இருட்டிய பின் அதன் நீண்ட கூவல் ஊருக்குள்ளும் கேட்கும். சாம்பல்தலை வானம்பாடி ஆண் செங்குத்தாக மேலேறி, இறகை மூடிக்கொண்டு விழுந்து, தரையைத் தொடுமுன் மறுபடி மேலேறும். பனங்காடை மின்கம்பியிலும், கவுதாரி முள்வேலி ஓரத்திலும் இருக்கும். குளிர்காலத்தில் பூனைப்பருந்துகள் புல்லின் தலைக்கு மேல் ஓர் ஆள் உயரத்தில் தாழப் பறந்து எலியும் வெட்டுக்கிளியும் தேடும். அவை மத்திய ஆசியாவிலிருந்து வருபவை. இறங்கி உறங்கத் திறந்த புல்தரை வேண்டும்.

இந்த நிலத்துக்கு இரண்டு பக்கத்திலிருந்து நெருக்கடி. ஒன்று, தொழிற்பேட்டையும் மனைப் பிரிவும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. மற்றது நல்லெண்ணத்தோடு வருகிறது. தரிசைப் பசுமையாக்குவதாகச் சொல்லி மரக்கன்று நட்டால், வானம்பாடிக்கும் ஆள்காட்டிக்கும் அந்த நிலம் முடிந்துபோகும். தரையில் கூடு வைக்கும் பறவைக்கு மரம் என்பது காகம் உட்கார்ந்து வேவு பார்க்கும் மேடை. சீமைக்கருவேல் செய்ததும் இதைத்தான். இந்தியாவில் அது முதலில் 1877-ல் கடப்பைப் பகுதியில் நடப்பட்டதாகப் பதிவு. இன்று செங்கல்பட்டின் புறம்போக்குகளில் பல திறந்த வெளியாக இல்லாமல் முட்காடாக இருப்பதற்கு அதன் வாரிசுகளே காரணம். அதே கடப்பை மாவட்டத்தின் வறண்ட புதர்க்காட்டில்தான், 1900-க்குப் பின் யாரும் பார்க்காததால் அற்றுப்போனதாகக் கருதப்பட்ட ஜெர்டான் கோர்சர் என்ற இரவாடிப் பறவை 1986-ல் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. எண்பத்தாறு ஆண்டு அது ஒளிந்திருந்ததற்குப் பெரிய மர்மம் எதுவும் இல்லை. தரிசில் போய் இரவில் தேட யாருக்கும் தோன்றவில்லை.

உப்பங்கழியும் உப்பளமும்

கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் பழைய மாமல்லபுரம் சாலைக்கும் இடையே, பக்கிங்காம் கால்வாயை முதுகெலும்பாகக் கொண்டு உப்பங்கழிகள் நீள்கின்றன. முட்டுக்காடு, கோவளம், கேளம்பாக்கம் பகுதியில் ஓத ஏற்றத்தாழ்வு ஒரு மீட்டர் அளவுதான்; எனவே குஜராத்திலோ சுந்தரவனத்திலோ போல ஓத அட்டவணையைப் பார்த்துப் புறப்பட வேண்டியதில்லை. இங்கே நீர்மட்டத்தைத் தீர்மானிப்பது முகத்துவாரம். கரையோர நீரோட்டம் கொண்டுவரும் மணல் கோடையில் முகத்துவாரத்தை அடைத்துவிடும். வடகிழக்குப் பருவ வெள்ளம் உள்ளிருந்து முட்டி அதைத் திறக்கும். நவம்பரில் கழி ததும்பும்போது உள்ளான் நிற்க இடமிருக்காது. ஜனவரியிலிருந்து நீர் இறங்க இறங்கச் சேற்றுத் திட்டுகள் தலைகாட்டும். பிப்ரவரி, மார்ச் இங்கே உச்சம்.

எந்தப் பறவை எங்கே நிற்கும் என்பதைக் காலின் நீளமும் அலகின் நீளமும் முடிவு செய்கின்றன. இருபத்தைந்து கிராம் எடையுள்ள கொசு உள்ளானின் அலகு இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை. நீர் வடிந்த ஈரச் சேற்றின் மேல்தோலில் மட்டுமே அது கொத்த முடியும். ஆர்க்டிக் வட்டத்துத் துந்திராவில் பொரித்த பறவை இவ்வளவு தூரம் பறந்து வருவது அந்த ஒரு விரலளவு சேற்றுக்காக. பத்து சென்டிமீட்டர் அலகுள்ள கருவால் மூக்கான் முழங்கால் நீரில் நின்று, தலை மறையும் அளவுக்கு அலகை நுழைத்துப் புழுவை எடுக்கும். பவளக்கால் உள்ளான் இன்னும் ஆழத்துக்குப் போகும். எல்லாவற்றுக்கும் அப்பால் பூநாரை. அது தலைகீழாகக் கவிழ்த்த அலகை நீரில் அசைத்து, நாக்கை உந்துகோலாக்கி நீரை உறிஞ்சித் தள்ளி, அலகின் ஓரத்துச் சல்லடையில் தங்கும் நுண்ணுயிர்களைத் தின்னும். கழியின் ஆழம் ஓரிரு சாண் கூடினால் இந்த வரிசையே குலைந்து, கூட்டம் வேறு கழிக்குப் பறந்துவிடும். நேற்று பார்த்த பூநாரை இன்று இல்லை என்று அங்கலாய்ப்பவர் நீர்மட்டத்தைப் பார்த்திருக்க மாட்டார்.

உப்பளத்தில் எல்லாப் பாத்தியும் ஒரே மாதிரி அல்ல. கடல்நீர் முதலில் வந்து தேங்கும் பெரிய பாத்தியில் மீன் இருக்கும்; அங்கே ஆலாவும் கொக்கும். உப்பு படியும் கடைசிப் பாத்தியில் இரையாகும் எதுவும் உயிர் வாழாது. பறவைக்கு அங்கே வேலை இல்லை. இடைப்பட்ட பாத்திகளில் மீன் தாங்காத அளவு உப்பு ஏறியிருக்கும். எதிரி இல்லாத அந்த நீரில் உப்புநீர் இறாலும் உப்புநீர் ஈயின் புழுக்களும் கொழிக்கும். பார்க்க வேண்டியவை அந்த இடைப் பாத்திகள். வரப்பில் நடக்கக் குத்தகைதாரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும். வரப்பு உடைந்தால் அவர்கள் உழைப்பு வீணாகும் என்பதால் ஓரம் மிதிக்காமல் நடப்பது முறை.

கோவளம்–கேளம்பாக்கம் சாலை கழியைக் கிழக்கு மேற்காகக் கடக்கிறது. குளிர்காலச் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், சாலையில் நின்று வடக்கே பார்ப்பவருக்கு நாள் முழுதும் வெளிச்சம் சாதகம். முட்டுக்காடு பாலத்தில் வண்டியை நிறுத்துவது ஆபத்து. பாலம் முடிந்த பிறகு கரையில் இறங்கிப் பார்ப்பதே சரி. காலை ஒன்பதரைக்கு மேல் எங்கே நின்றாலும் கானல் கிளம்பிவிடும். தொலைநோக்கியின் உருப்பெருக்கம் கானலையும் பெரிதாக்கிக் காட்டும் என்பதால், விலை உயர்ந்த கருவி வைத்திருப்பவருக்கும் இல்லாதவருக்கும் அந்த நேரத்தில் வித்தியாசம் இல்லை.

மாமல்லபுரம் முதல் ஒதியூர் வரை

மாமல்லபுரம் கடற்கரை பறவை பார்ப்பவருக்கு முதல் தேர்வு அல்ல. சவுக்குத் தோப்பில் பறவை குறைவு. மணலில் ஆள் அதிகம். அதிகாலையில் படகுகள் கரையேறி வலை உதறும் நேரம் மட்டும் விதிவிலக்கு. பழுப்புத்தலைக் கடற்காகங்கள் லடாக், திபெத் பீடபூமியின் ஏரிகளில் இனப்பெருக்கம் செய்துவிட்டு அக்டோபர், நவம்பரில் இங்கே வந்துவிடுகின்றன. அப்போது தலை வெள்ளை. காதருகே ஒரு கரும்பொட்டுதான். மார்ச்சில் திரும்பும் நாள் நெருங்கும்போது முகத்திலிருந்து பழுப்பு ஏறித் தலை முழுவதும் மூடும். செம்பருந்து எல்லா மாதமும் உண்டு. நகருக்குள் உள்ள பாறைக் குன்றுகளும் மண்டபங்களும் உழவாரன்களுக்கு ஏற்ற இடம். சிற்பம் பார்க்க வந்தவர் கழுத்தை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினால் போதும்.

தெற்கே வாயலூரை ஒட்டிப் பாலாறு கடலில் சேர்கிறது. ஆண்டின் பெரும்பகுதி அது மணல் ஆறு. தடுப்பணைக்கு மேலே நன்னீர், கீழே உவர்நீர் என்று பிரிந்திருப்பதால் ஒரே நடையில் இரண்டு வகைப் பறவைகளையும் பார்க்க முடியும். மணல் திட்டில் ஆலாக்கள் ஓய்வெடுக்கும். பக்கத்திலேயே கல்பாக்கம் அணுசக்தி வளாகம். அதன் எல்லையோரம் கேமராவும் தொலைநோக்கியும் வைத்துக்கொண்டு சுற்றுவது பாதுகாப்புப் படையினரின் விசாரணையில் முடியும் என்பதால், முகத்துவாரத்துக்குப் போகிறவர்கள் தென்கரையைத் தேர்ந்தெடுப்பது வசதி. ட்ரோன் பறக்கவிடும் எண்ணமே வேண்டாம்.

அதற்கும் தெற்கே, முதலியார்குப்பத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை ஒதியூர்க் கழியைக் கடக்கிறது. சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை அங்கே இருப்பதால் விடுமுறை நாட்களில் இயந்திரப் படகுகளின் இரைச்சலில் கிழக்குப் பகுதி காலியாகிவிடும். செய்யூர் பக்கமுள்ள மேற்குக் கரையில் உப்பளங்களும் ஆழமற்ற நீரும். பூநாரையும் ஊசிவால் வாத்தும் ஒதுங்குவது அந்தப் பக்கம். வார நாளில், பிப்ரவரியில், காலை ஏழு மணிக்குள் போய்ச் சேர்வது உத்தமம். இன்னும் தெற்கே போனால் மாவட்ட எல்லை தாண்டி மரக்காணம், அதை ஒட்டிக் கழுவெளி. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாகவும் 2024-ல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட அந்தப் பெருங்கழி விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஒதியூரில் நீர் ஏறிவிட்டால் கூட்டம் போய் இறங்கும் இடங்களில் அதுவும் ஒன்று.